பட்டியலில் கன்னையா பேர் இல்லை

பட்டியல் ஒட்டுவதற்கென்று ஒரு முறை இருந்தது. கிராம அலுவலகமான சச்சிவாலயத்து முன்சுவரில் நான்கு மூலைக்கும் டேப் வைத்துத் தாளை ஒட்ட வேண்டும். இரண்டடி தள்ளி நின்று, இடமும் நேரமும் பதிவாகும்படி போனில் ஒரு படம் எடுக்க வேண்டும். படம் மண்டல அலுவலகத்து வாட்சப் குரூப்புக்குப் போனதும் தாளைப் பிய்த்துவிடலாம்.

புங்கமிட்டை சச்சிவாலயத்தில் தோட்டக்கலை உதவியாளராக ரோஹிணி சேர்ந்த முதல் வாரமே இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் சீனு. அங்கே கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவனுடையது.

"ஏழு நாள் வைக்கணும்னுதான் ரூலு. ஏழு நாள் வச்சா, எட்டாவது நாள் நாம இங்க வேல செய்ய முடியாது" என்றான்.

ரோஹிணி நகரிக்காரி. வீட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டக்கலை டிப்ளமோ படித்து, தேர்வு எழுதி, ஆந்திராவின் இந்த எல்லையோர ஊருக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கொரோனா வந்துவிட்டது. பாலசமுத்திரத்திலிருந்து வரும் சாலையில் முள்ளை வெட்டிப் போட்டு ஊரை அடைத்தார்கள். கோவில்கள் மூடின. திருப்பதி பூச்சந்தை மூடியது. கல்யாணங்கள் நின்றன. துலுக்கச் சாமந்தி போட்டிருந்தவர்கள் பறிகூலி கொடுக்க வழியில்லாமல், பூத்து நின்ற செடிமேலேயே டிராக்டரை விட்டு உழுதார்கள்.

மே மாதம், பூ விவசாயிகளுக்கு ஏக்கருக்குப் பத்தாயிரம் ரூபாய் நிவாரணம் என்று அறிவிப்பு வந்தது. யார் எவ்வளவு போட்டிருந்தார்கள் என்று நிலத்துக்கே போய்ப் பார்த்து, படம் எடுத்து, டேப்லெட்டில் ஏற்ற வேண்டியது ரோஹிணியின் வேலை.

அவள் போகவில்லை. அறிவிப்பு வந்த மறுநாள் கன்னையா அவள் தங்கியிருந்த வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். எந்தத் தேர்தலிலும் நிற்காத மனிதர். ஆனால் போர் மோட்டார் எரிந்தாலும், போலீஸ் ஸ்டேஷனில் யாருக்காகவாவது பேச வேண்டியிருந்தாலும், ஊர் அவர் வீட்டுக்குத்தான் போகும். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு நோட்டை நீட்டினார்.

"நீ எங்கம்மா இந்த வெய்யில்ல சுத்திக்கினு இருக்கப் போற. நோய் வேற. எல்லாம் எழுதிட்டேன். சர்வே நம்பரு, ஆதாரு, பேங்க் நம்பரு. போட்டோ வாட்சப்புல வரும். நீ குந்துன எடத்துலயே ஏத்திடு."

நோட்டில் அறுபத்தொரு பேர் இருந்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் ஏற்றினாள். 'நேரில் ஆய்வு செய்தேன்' என்ற கட்டத்தில் அறுபத்தொரு தடவை விரலால் தொட்டாள்.

செப்டம்பரில் பணம் வந்தது. பட்டியலை ஏழு நாள் மக்கள் பார்வைக்கு வைக்கும்படி உத்தரவும் கூடவே வந்தது. சீனு காலை ஒன்பதே முக்காலுக்கு ஒட்டினான், படம் எடுத்தான், பத்து மணிக்குள் பிய்த்துவிட்டான்.

பதினொரு மணிக்கு ரத்னம்மா வந்தாள். ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சாமந்தி போட்டிருந்தவள். கணவன் பெங்களூரில் கட்டட வேலை. நிவாரணம் கேட்டு அவள் வருவது இது நான்காவது தடவை.

"மேடம், எனக்கு இன்னும் துட்டு வரல."

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா. குத்தகைக்கான கவுலு கார்டு வச்சிக்கினு இருக்கீங்களா?"

"குத்தகைக்கு வுட்டவன் கையெழுத்து போட்டாதான கார்டு. எவன் போடறான்? சரி, என் பேரு இல்ல. யாரு பேருதான் இருக்குது?"

"வெளிய ஒட்டியிருக்குது, பாருங்க."

ரத்னம்மா வெளியே போனாள். உடனே திரும்பி வந்தாள்.

"சொவத்துல மூணு எறும்பு போவுது. அதானா உங்க லிஸ்ட்டு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பென்ஷனுக்கு வந்த கிழவர்கூடச் சிரித்தார். சீனு திரையை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. ரோஹிணிக்குக் காது மடல் சுட்டது.

அதன் பிறகு அவள் செய்ததை நேர்மை என்று சிலர் சொன்னார்கள். அவளுக்குத் தெரியும், அது வெறும் கோபம். பட்டியலின் நான்கு தாளையும் மறுபடி பிரிண்ட் எடுத்தாள். எதிர் டீக்கடையில் ஒரு கை மைதா வாங்கிச் சுடுதண்ணீரில் குழைத்தாள். டேப் இல்லாமல், பசையைச் சுவர் முழுக்கப் பூசி, தாளை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.

"மேடம், வேணாம்" என்று சீனு வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னான். "அடியில உங்க கையெழுத்து இருக்குது. பாத்தீங்களா?"

அவள் பார்த்திருக்கவில்லை. 'ஆய்வு செய்தவர்: தோட்டக்கலை உதவியாளர்' என்று ஒவ்வொரு தாளின் அடியிலும் அவளுடைய டிஜிட்டல் கையெழுத்து அச்சாகியிருந்தது. பசை அதற்குள் பிடித்துவிட்டது.

பட்டியல் தெலுங்கில் இருந்தது. ரத்னம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆட்டோ ஓட்டும் தரணி முன்னால் நின்று, ஒவ்வொரு பேராகச் சத்தமாகப் படித்தான். முதல் பத்துப் பேருக்குக் கூட்டம் சும்மா கேட்டது. பதினொன்றாவதாகப் போன வருஷம் செத்துப்போன முனிரத்தினத்தின் பேர் வந்தது. பிறகு பஸ் ஸ்டாப்பில் தையல் மிஷின் வைத்திருப்பவர், மூன்று ஏக்கர். பிறகு கன்னையாவின் தம்பி மனைவி நளினி, சென்னையில் இருப்பவள், இரண்டு ஏக்கர். சர்வே நம்பரைத் தரணி படித்ததும் ரத்னம்மா அவன் தோளைப் பிடித்தாள்.

"இன்னொரு தபா படி."

படித்தான்.

"அது நான் ஓட்டற நெலம்டா" என்றாள் அவள்.

கூட்டம் நெருங்கியது. யாரோ யாரையோ கேட்டார்கள், யாரோ யாரையோ தள்ளினார்கள். அடுத்த பேர் அம்சவேணி, இரண்டு ஏக்கர், இருபதாயிரம். அம்சவேணி, ரோஹிணி வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி. கையகல நிலம்கூட இல்லாதவள், காலையில் இட்லி சுட்டு விற்பவள். ரேஷன் கடைக்கு வந்திருந்த அவளைக் கூட்டம் பார்த்துவிட்டது.

"நெலமே இல்லாதவளுக்கு ரெண்டு ஏக்கரு பூ எங்கடி பூத்துச்சி? மொட்ட மாடிலயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அம்சவேணி கூட்டத்தை விட்டு விலகினாள். ரேஷன் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பின்னாலிருந்து யாரோ மண்ணை வாரி வீசினார்கள்.

சாயங்காலம் ரோஹிணி வீட்டுக்குப் போனபோது அவளுடைய துணிகள் கொடியிலிருந்து உருவப்பட்டுக் கதவு முன்னால் குவிந்து கிடந்தன. அம்சவேணி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என் பேர எதுக்கு சொவத்துல ஒட்டுன?"

"ரூலு அப்படித்தான்க்கா."

"ரூலா. ஒரு வருஷமா ஒட்டாத ரூலு இன்னிக்கி எங்கேருந்து வந்துச்சி? கேட்டுக்கோ. எனக்கு வந்தது ரெண்டாயிரம். கன்னையா அந்த விரல் வச்சா பேங்க் துட்டு எடுக்கற மிஷின எடுத்துக்கினு ஊட்டுக்கே வந்தாரு. கட்ட விரல வையின்னாரு, வச்சேன். துட்ட அவரு எண்ணிக்கினாரு. ரெண்டாயிரத்த என் கையில குடுத்துட்டுப் போனாரு. இட்லி யாவாரம் நின்னு ரெண்டு மாசம். வாங்கிக்கினேன். இப்போ ஊரே நான் இருபதாயிரம் துன்னுட்டேன்னு சொல்லுது. அவன் பேரு உன் லிஸ்ட்ல எங்க இருக்குது? காட்டு."

கன்னையாவின் பேர் பட்டியலில் எங்கேயும் இல்லை.

"மாசக் கடைசிக்குள்ள ரூம காலி பண்ணிடு" என்று அம்சவேணி எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் கன்னையாவே சச்சிவாலயத்துக்கு வந்தார். சுவரிலிருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அதைக் கிழிக்கவில்லை. உள்ளே வந்து ரோஹிணியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முழுசா படிச்சேன். நான் எதிலயும் இல்ல. அடியில உன் கையெழுத்துதான் இருக்குது. நாலு தாளு, நாலு கையெழுத்து."

"நீங்க குடுத்த நோட்டுதான் சார்."

"எந்த நோட்டு?"

நோட்டை அவர் அப்போதே திரும்ப வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

"வயசுப் பொண்ணு, மொத வேல. இன்னிக்கி மழ வரும்போலக்குது. நனைஞ்சி உரிஞ்சி வுழுந்துடுச்சின்னு எழுதிக்கோ. மண்டலத்துல நான் பேசிக்கறேன். இல்ல, மாட்டேன்னா..." நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அறுபத்தொரு ஊட்டுக்காரனும் ஒன்னைத்தான் வந்து கேப்பான். என்னை இல்ல."

மழை வரவில்லை. ரோஹிணியும் தாளை எடுக்கவில்லை. அன்று மத்தியானம் சர்வே வரைபடத்தை எடுத்துக்கொண்டு, இரவல் வாங்கிய ஸ்கூட்டியில் கிளம்பினாள். மே மாதத்தில் போயிருக்க வேண்டிய இடங்களுக்குச் செப்டம்பரில் போனாள். ஆறு நாள் சுற்றினாள். ஒரு தோட்டத்தில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில் அவள் வரப்பில் நடந்துபோய்த் திரும்புவதற்குள் ஸ்கூட்டியின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. உண்மையிலேயே பூ போட்டிருந்தவர்கள்கூட அவளைத் திட்டினார்கள். "வந்த துட்டையும் புடுங்க வந்துட்டியா" என்று ஒருவர் மண்வெட்டியை ஓங்கினார். அவர் நியாயமாகவே நிவாரணம் பெற்றவர்.

அறுபத்தொன்றில் முப்பத்தெட்டு இடங்களில் பூச்செடி இருந்ததற்கான அடையாளமே இல்லை. கருவேல முள், பாறை, மாந்தோப்பு, ஓரிடத்தில் செங்கல் சூளை. ஒவ்வொரு இடத்திலும் நின்று மே மாதம் ஏற்றிய படத்தைப் போனில் திறந்து பார்த்தாள். மூன்றாவது நாள்தான் கவனித்தாள். முப்பத்தெட்டுப் படங்களிலும் ஒரே தோட்டம். ஒரு படத்தில் இடது மூலையில், ஒரு படத்தில் நடுவில், தகரக் கதவு போட்ட ஒரு மோட்டார் கொட்டகை. கதவில் நீலப் பெயின்ட்.

அந்தக் கதவை ஏரிக்குக் கீழே கண்டுபிடித்தாள். ரத்னம்மா அங்கே வேர்க்கடலைச் செடிக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தாள். ரோஹிணி போனைக் காட்டினாள்.

ரத்னம்மா ஒவ்வொரு படமாக விரலால் தள்ளிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பூ முழுக்க மலர்ந்திருந்த நாளில் எடுத்த படங்கள்.

"என் செடி" என்றாள். "என் செடிய படம் புடிச்சி ஊருக்கே துட்டு குடுத்திருக்க. எனக்கு இல்லன்னு நாலு தபா தொரத்தி வுட்டிருக்க."

"எனக்குத் தெரியாதுக்கா. படம் அவரு அனுப்பனது."

"இங்கேருந்து உன் ஆபீசு எவ்ளோ தூரம்? நடந்தா பத்து நிமிஷம். ஒரு நாளு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்." போனை அவள் கையில் திணித்துவிட்டு மறுபடி குனிந்து களைக்கொட்டை எடுத்தாள். "போ. என் நெலத்துல நிக்காத."

அன்று இரவு ரோஹிணி அறிக்கை எழுதினாள். முப்பத்தெட்டுப் பேருக்கும் பயிர் இல்லை. படங்கள் எல்லாம் ஒரே தோட்டத்தினுடையவை. அந்தத் தோட்டத்தில் உண்மையில் பயிர் வைத்தவளுக்கு நிவாரணம் வரவில்லை. கடைசிப் பத்தி எழுத அதிக நேரம் பிடித்தது. 'மேற்படி நிலங்களை நான் நேரில் ஆய்வு செய்யவில்லை. செய்ததாகப் பதிவு செய்தது என் தவறு.' மண்டல அலுவலகத்தில் கொடுத்தால் அது மேஜை தாண்டாது என்று தெரிந்து, காலை பஸ் பிடித்துச் சித்தூருக்குப் போனாள்.

மாவட்ட அலுவலகத்தில் அதிகாரி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"ஏமம்மா, இது புகாரா, ராஜினாமாவா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"புகார் சார்."

"உன் மேலயே?"

"ஆமா சார். என் மேலயும்."

"இதை நான் வாங்கினா முதல்ல நீதான் போவ. உனக்குப் பின்னாடிதான் மத்தவங்க. சில சமயம் மத்தவங்க வரவே மாட்டாங்க. எடுத்துக்கிட்டுப் போயிடு. நான் பார்க்கல."

"சீல் போட்டு ஒரு காப்பி குடுங்க சார்."

அவர் அவளைப் பார்த்தார். பரிதாபத்தைவிட எரிச்சலே அதிகம் இருந்த பார்வை. பிறகு மணியடித்து, சீல் போடச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் சஸ்பென்ஷன் உத்தரவு வந்தது. அதே வாரம் முப்பத்தெட்டு வீடுகளுக்கும் நோட்டீஸ் போனது. வாங்கிய நிவாரணத்தை முப்பது நாளில் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மற்றத் திட்டங்கள் எல்லாம் நிறுத்தப்படும். இரண்டாயிரம் வாங்கிய அம்சவேணி இருபதாயிரம் கட்ட வேண்டும். செத்துப்போன முனிரத்தினத்துக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது. அவர் மகள் அதை வாங்க மறுத்தாள். கன்னையாவுக்கு ஒன்றும் வரவில்லை.

ரோஹிணி நகரிக்குத் திரும்பவில்லை. விசாரணை முடியும்வரை மண்டலத்தை விட்டுப் போகக்கூடாது என்று உத்தரவில் இருந்தது. வேறு யாரும் அவளுக்கு ரூம் தரவில்லை. அம்சவேணி காலி செய்யச் சொன்ன தேதி கடந்துபோனது. அவள் மறுபடி கேட்கவுமில்லை, ரோஹிணியிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை. கடைக்காரர் பால் பாக்கெட் இல்லை என்று சொல்வார். அவள் நகர்ந்ததும் அடுத்த ஆளுக்கு எடுத்துக் கொடுப்பார். அப்பா போனில், "நான் வரட்டுமாம்மா" என்று கேட்டார். "வேணாம் நைனா. உன்னையும் எதுனா பேசுவாங்க" என்றாள்.

டிசம்பரில் விசாரணை நடந்தது. சித்தூரிலிருந்து வந்த பெண் அதிகாரி ஒருவர் சச்சிவாலயத்து ஹாலில் மேஜை போட்டு உட்கார்ந்தார். முதலில் ரோஹிணியை அழைத்தார்.

"மே மாதம் ஏன் நிலத்துக்குப் போகலை? கொரோனாவா?"

"இல்ல மேடம்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"அப்போ யாரும் மிரட்டல."

"பின்ன?"

"எழுதி ரெடியா குடுத்தாங்க. அது சுலுவா இருந்துச்சி" என்றாள் ரோஹிணி. பின்னால் யாரோ தூ என்று துப்பினார்கள்.

பிறகு நோட்டீஸ் வாங்கியவர்களை ஒவ்வொருவராக அழைத்தார்கள். முதல் ஐந்து பேரும், பணத்தைத் தாங்களே வாங்கிச் செலவு செய்துவிட்டதாகச் சொன்னார்கள். கன்னையா ஜன்னலோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒவ்வொருவரும் மேஜைக்குப் போவதற்குமுன் அவரை ஒருமுறை பார்த்தார்கள். ஐந்தாவதாகத் தையல்காரர் போனார். அவரும் அதையேதான் சொன்னார்.

ஆறாவதாக அம்சவேணி.

"இருபதாயிரம் நீங்கதான் வாங்கினீங்களா?"

"ரெண்டாயிரம் வாங்கனேன்" என்றாள் அம்சவேணி. "மீதி பதினெட்டு அங்க நிக்கறாரே, அவரு எடுத்துக்கினாரு. மிஷினு அவரு அக்கா புள்ளையோடது. எங்க தெருவுல ஏழு பேரு விரல் வச்சோம். ஒரே நாளு, ஒரே எடம். அந்த மிஷின்ல டைமு இருக்குமில்ல, எடுத்துப் பாருங்க."

கன்னையா கட்டியிருந்த கையைப் பிரித்தார். "அம்சா, யோசிச்சிப் பேசு."

"ரெண்டு மாசமா யோசிச்சேன். தெருவுல போனா மொட்ட மாடில பூ போட்டவளேன்னு கூப்பிடறாங்க. நீ ஒரு நாளு வந்து, இல்ல, நான்தான் எடுத்தேன்னு சொன்னியா? உன் ஊட்டு கேட்டக்கூடத் தொறக்கல." ரோஹிணி பக்கம் கையை நீட்டினாள். "இவளுக்காகவும் நான் சொல்லல. இவ மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல. இருபதாயிரம் கட்ட என்கிட்ட இல்ல, அதான் சொல்றேன்."

ஹாலில் சத்தம் கிளம்பியது. அதிகாரி மேஜையைத் தட்டினார். வெளியே போயிருந்த தையல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்ப வந்து, தான் முன்னால் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்றார். அன்று மாலைக்குள், முனிரத்தினத்தின் மகளையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் கன்னையா பேரைச் சொன்னார்கள். பதினாறு பேர் கடைசிவரை சொல்லவில்லை.

மிஷினில் நேரம் இருந்தது. அறிக்கை சித்தூருக்குப் போவதற்குள், அந்த இருபத்திரண்டு பேர் கணக்கிலும் பணம் ஒரே நாளில் திரும்பக் கட்டப்பட்டது. கன்னையாதான் கட்டினார் என்பது ஊருக்கே தெரியும். ரசீதுகளில் அவரவர் பேர்தான் இருந்தது. பணம் வந்துவிட்டதால், கன்னையா மேல் விசாரணை அதிகாரி போலீஸில் கொடுத்த புகார் மேலே நகரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்த பதினாறு பேர் ஆடு விற்றும் நகை வைத்தும் கட்டினார்கள். அவர்களும் கன்னையாவைக் குறை சொல்லவில்லை. ரோஹிணியைத்தான் சொன்னார்கள்.

ரத்னம்மா சித்தூர் வரைக்கும் போய்க் கேட்டாள். நிவாரணத் திட்டம் அந்த வருஷத்தோடு முடிந்துவிட்டது, இனிப் புதிய பேர் சேர்க்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் நிலத்துக்குச் சொந்தக்காரரான கன்னையாவின் தம்பி அதைத் திரும்பக் கேட்டுவிட்டார். மோட்டார் கொட்டகையிலிருந்த தன் பைப்புகளை அவள் கழற்றி ஆட்டோவில் ஏற்றும்போது ரோஹிணி வழியில் பார்த்தாள். பக்கத்தில் வந்து, பைப்பின் ஒரு முனையைத் தூக்கிக்கொடுக்கப் போனாள்.

"வுடு" என்றாள் ரத்னம்மா. "எனக்கு ஆளு இருக்குது."

பிப்ரவரியில் சஸ்பென்ஷன் நீங்கியது. ஒரு இன்கிரிமென்ட் வெட்டி, சத்தியவேடு பக்கம் மாற்றினார்கள். கிளம்பும் நாளன்று ரோஹிணி ரூமைப் பெருக்கித் துடைத்து, சாவியை அம்சவேணியிடம் கொடுத்தாள். அம்சவேணி உள்ளே போய் நான்கு பக்கமும் பார்த்தாள். லைட்டைப் போட்டுப் பார்த்தாள்.

"பல்பு புதுசா?"

"ஆமாக்கா. போன வாரம் போட்டேன். இருக்கட்டும்."

"உன் சாமான் எதுவும் எனக்கு வேணாம்."

ஸ்விட்சை அணைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பல்பைத் தானே கழற்றினாள். சூடாக இருந்ததால் முந்தானையில் பிடித்து இறக்கி, ரோஹிணியின் பையில் துணிகளுக்கு நடுவே உடையாதபடி வைத்தாள். பிறகு இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்ற உள்ளே போய்விட்டாள். ரோஹிணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.